நாலு மணிக் கையெழுத்து

ஸ்டேஷனில் அவருக்குக் கடிகாரம் என்று பெயர். இருபத்தாறு வருட சர்வீஸில் அவர் கையெழுத்துப் போட்ட ரோந்து நோட்டுகளில் ஒரு மணிநேரம் தவறியதாக யாரும் விரல் நீட்ட முடியாது. புதிதாக வேலைக்குச் சேர்கிற காவலர்களிடம் இன்ஸ்பெக்டர் அவருடைய நோட்டைத்தான் விரித்துக் காட்டுவார். "இதைப் பாருங்கய்யா. ஒரு கட்டம் காலியா இருக்கா?"

ரோந்து நோட்டு பெரிய விஷயம் ஒன்றுமில்லை. தன் உயிருக்கு ஆபத்து என்று யாராவது மனுக் கொடுத்தால், அந்த வீட்டுக் கேட்டில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு நோட்டைப் போட்டுக் கம்பியில் மாட்டிவிடுவார்கள். மேலே, ‘இந்த வீடு காவல்துறையின் கண்காணிப்பில் உள்ளது’ என்று ஒரு நீலத் தகடு. பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு, ஆறு என்று பகலுக்கு ஐந்து கட்டம். காவலர் அந்தந்த நேரத்துக்கு வந்து, தெருவை இரண்டு பக்கமும் பார்த்து, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகவேண்டும். மேலதிகாரி என்றைக்காவது வந்து புரட்டுவார். கட்டம் காலியாக இருந்தால் மெமோ கிடைக்கும். கேட்டுக்கு உள்ளே இருக்கிறவர் எப்படி இருக்கிறார் என்று எட்டிப் பார்ப்பதற்கு நோட்டில் கட்டம் கிடையாது.

நாற்பத்திரண்டு கேட்டு, ஒரு மோட்டார் சைக்கிள், ஒரு ஆள். இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை அத்தனை கேட்டுக்கும் போய் வருவது மனிதனால் ஆகிற காரியமில்லை. அதனால் எல்லோரும் செய்வதைத்தான் அவரும் செய்தார். இரண்டு மணிக்குப் போகும்போதே நாலு மணிக் கட்டத்தையும் சேர்த்துப் போட்டுவிடுவார். மற்றவர்கள் ஒரே பேனாவால் போட்டு மாட்டிக்கொண்டார்கள். இவர் சட்டைப் பையில் இரண்டு பேனா வைத்திருந்தார். இரண்டு மணிக்கு நீலம், நாலு மணிக்குக் கறுப்பு. கடிகாரம் என்ற பெயர் இப்படித்தான் வந்தது. அவருக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

தையல்காரியின் கேட்டு நாற்பத்திரண்டாவது. புருஷனின் அடி தாங்காமல் பிரிந்து வந்து, தனியாக ஒரு வீடு எடுத்து, முன்னறையில் மெஷின் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தாள். அவன் தெருமுனையில் வந்து நிற்கிறான், கையை வெட்டுவேன் என்கிறான் என்று ஆறு தடவை ஸ்டேஷனுக்கு நடந்தாள். ஏழாவது தடவை நோட்டு கிடைத்தது. தகட்டைத் திருகாணி போட்டு மாட்டியதே கடிகாரம்தான்.

"இனி பயமே வேணாம்மா. ரெண்டு மணிநேரத்துக்கு ஒருதரம் நான் வந்து நிப்பேன். நீங்க பாட்டுக்கு நிம்மதியா மெஷினை மிதிங்க" என்றார். மனசாரத்தான் சொன்னார். சொல்லும்போது எல்லோரும் மனசாரத்தான் சொல்கிறோம்.

அந்த நாள் நல்ல வெயில். இரண்டு மணிக்கு அவள் கேட்டில் நீலத்தில் ஒன்று, கறுப்பில் ஒன்று போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார். சாப்பிட்டார். பத்து நிமிஷம் என்று சாய்ந்தவர் கண் அசந்துவிட்டார். நாலேகால் மணிக்கு மனைவி உலுக்கி எழுப்பினாள். "ஸ்டேஷன்லருந்து போன். தையல்காரம்மாவை வெட்டிட்டானாம்."

உயிர் பிழைத்தாள். வலது கையில் மூன்று விரல்கள் அதற்கப்புறம் மடங்கவில்லை. தையல்காரிக்கு வலது கை போனால் என்ன மிச்சம் என்று நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அவனுக்கு ஒன்றரை வருஷம் ஜெயில். அவள் அதோடு விடாமல் காவல்துறை மேலேயே வழக்குப் போட்டாள். என்னைக் காப்பாற்ற வேண்டியது இவர்கள் கடமை, செய்யவில்லை, அதைக் கோர்ட் சொல்லவேண்டும் என்பதுதான் அவள் கேட்டது. கேட்டில் தொங்கிய நோட்டை அவளுடைய வக்கீல் உறையில் போட்டு அரக்கு முத்திரை வைத்துக் கோர்ட்டில் ஒப்படைத்தார்.

அன்றிலிருந்து கடிகாரத்துக்கு அந்த நோட்டின் நினைப்புதான். நாலு மணிக்கு வெட்டு. நாலு மணிக் கட்டத்தில் கையெழுத்து. நோட்டைத் திறந்தால் வேலை போகும், மானமும் போகும். குளிக்கும்போதெல்லாம் இரண்டு வாக்குமூலங்களைச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். ஒன்று பொய்: வந்தேன், தெருவில் யாருமில்லை, போனேன். இன்னொன்று நிஜம். பொய் கோர்வையாக வந்தது. நிஜம் முதல் வாக்கியத்தைத் தாண்டவில்லை. ஆனாலும் ஒரு வருஷமாகச் சொல்லிச் சொல்லி, கடைசியில் நிஜத்தைத்தான் சொல்வது என்று முடிவுசெய்திருந்தார். என்ன ஆனாலும் சரி, சொல்லிவிட்டால் தூக்கமாவது வரும்.

விசாரணை நாளன்று கோர்ட் வராந்தாவில் அரசு வக்கீல் அவர் தோளில் தட்டினார். "ஏன் இப்படி வேர்த்துக் கொட்டுது? உங்களை யாரும் ஒரு வார்த்தை கேக்கப்போறதில்ல."

"நோட்டு இருக்கே சார்."

"இருக்கட்டும். கடமைன்னு ஒண்ணு இருந்தாத்தானே அதுல தவறினீங்களான்னு கேக்க முடியும்? கடமையே இல்லைன்னு சொல்லப்போறேன். நோட்டுக்கு அங்க வேலையே கிடையாது."

உள்ளே அவர் அப்படியேதான் சொன்னார். காவல்துறை பொதுமக்கள் அனைவருக்கும் பொதுவாகக் கடமைப்பட்டது. இன்ன வீட்டில் இருக்கிற இன்ன ஆளைக் காப்பாற்றியே தீரவேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் நாளைக்குத் திருட்டுப்போன ஒவ்வொரு வீட்டுக்காரரும் கோர்ட் படி ஏறுவார். தையல்காரியின் வக்கீல் வயதானவர், கொஞ்சம் வாய்த்துடுக்கு. எழுந்து நின்று, "பொதுமக்கள்ல என் கட்சிக்காரரைக் கழிச்சாச்சு. அடுத்து வர்றவங்களையும் ஒவ்வொருத்தரா கழிச்சுக்கிட்டே வந்தா கடைசியில யாரைத்தான் காப்பாத்துவாங்கன்னு தெரிஞ்சுக்க ஆசைப்படறேன்" என்றார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. மனுதாரரின் துன்பம் நெஞ்சை உருக்குவதாகவும் சட்டம் வேறு மாதிரி இருப்பதாகவும் சொல்லி வழக்கைத் தள்ளுபடி செய்தார். மொத்தம் இருபது நிமிஷம். நோட்டு இருந்த உறையைக் குமாஸ்தா அரக்கு உடையாமல் அவளிடம் திருப்பிக் கொடுத்தார். அவள் அதை இடது கையால் வாங்கிக்கொண்டாள்.

வீட்டில் மனைவி, "அப்பாடா, தொலைஞ்சுது" என்றாள். அவரும் அப்பாடா என்றுதான் சொல்லிப் பார்த்தார். ஒரு வருஷமாக ஒத்திகை பார்த்து வைத்திருந்த நிஜத்தை இனி எங்கே கொண்டுபோய் இறக்கிவைப்பது என்று தெரியவில்லை. தப்பித்துவிட்டோம் என்ற நினைப்பே அருவருப்பாக இருந்தது.

அடுத்த வாரம் இன்ஸ்பெக்டர் கூப்பிட்டார். மேலிடத்துச் சட்டப்பிரிவிலிருந்து கடிதம் வந்திருந்தது. "இந்த நோட்டைத் தொங்கவிட்டா நாம வர்றோம்னு எழுதிக்கொடுத்த மாதிரி ஆயிடுதாம். இன்னொரு கேஸ் வந்தா இதையே பிடிச்சுக்குவாங்களாம். எல்லா நோட்டையும் தகட்டையும் கழட்டிக்கிட்டு வந்துடுங்க. ரோந்து எப்பவும்போல நடக்கட்டும்."

திருகாணி முடுக்கியும் ஒரு சாக்குப்பையுமாகக் கிளம்பினார். பலரும் என்ன ஏதென்று கேட்கவில்லை. ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் மட்டும் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அப்ப இனிமே வரமாட்டீங்க?"

"வருவோம் சார். நோட்டுதான் இருக்காது."

"நோட்டு இருந்தப்பவே நீங்க வந்த அழகு எனக்குத் தெரியாதா?" என்றார் வாத்தியார். கடிகாரம் தகட்டைப் பைக்குள் போட்டார்.

தையல்காரியின் கேட்டைக் கடைசிக்கு வைத்திருந்தார். அங்கே நோட்டு இருக்காது, தகடு மட்டும்தான் என்பது அவர் நினைப்பு. போய்ச் சேரும்போது மணி மூன்று ஐம்பது. கம்பியில் ஒரு நோட்டு தொங்கியது. கடையில் வாங்கிய புது நோட்டு. கட்டமெல்லாம் கோணலாக, ஸ்கேல் வழுக்கிய இடம்கூடத் தெரிந்தது. இன்றைய தேதி. பத்து, பன்னிரண்டு, இரண்டு. மூன்றிலும் ஒரே கையெழுத்து, ஒன்றாம் வகுப்புக் குழந்தை எழுதினாற்போல. முந்தின பக்கங்களைப் புரட்டினார். ஒரு கட்டம் காலியாக இல்லை.

சரியாக நாலு மணிக்குக் கதவு திறந்தது. அவள் கேட்டுக்கு வந்தாள். அவரைப் பார்த்தும் நிற்காமல், தெருவை இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள்.

"தகட்டைக் கழட்டச் சொல்லியிருக்காங்கம்மா" என்றார்.

"கழட்டிக்குங்க சார்."

"இந்த நோட்டு..."

"இது என்னுது. அடுத்த மாசம் அவன் வெளிய வர்றான். யாராவது பாக்கணும்ல? அதான் நானே பாத்துக்கறேன்."

திருகாணி துருப்பிடித்திருந்தது. முடுக்கி வழுக்கிக்கொண்டே இருந்தது. ஒரு வருஷமாகச் சொல்லிப் பார்த்த வாக்கியம் அப்போது தானாக வெளியே வந்தது. "அன்னைக்கு நாலு மணிக் கையெழுத்தை ரெண்டு மணிக்கே போட்டுட்டேம்மா. நாலு மணிக்கு நான் வீட்ல படுத்திருந்தேன்."

"தெரியும் சார்."

"நோட்டைப் பாத்தீங்களா?"

"நான் எங்க பாத்தேன்? அவன் மூணே முக்காலுக்கே தெருமுனையில நின்னான். பின்வாசல் வழியா பக்கத்து வீட்டுக்கு ஓடியிருக்கலாம். நீங்கதான் நாலு மணிக்கு வருவீங்களேன்னு இங்கயே, இந்தக் கேட்டைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். அவன்தான் வந்து நோட்டைப் பிரிச்சான். பாத்துட்டுச் சிரிச்சான். நாலு மணி ஆளு வந்துட்டுப் போயாச்சு போலிருக்கே, இனி ஆறு மணிக்குத்தான்னான்." அவள் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "எங்க வக்கீல் ஐயா கூண்டுல ஏறினதும் இதைச் சொல்லுங்கன்னாரு. கூண்டு வரைக்கும் போகவே இல்லையே."

கடிகாரம் முடுக்கியைக் கீழே வைத்தார். தூங்கிவிட்டோம் என்பதுதான் தன் குற்றம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தார். கட்டம் காலியாக இருந்திருந்தால்கூட, இனிமேல்தான் வருவார்களோ என்று அவன் பயந்திருப்பான். வேளை பார்த்து அவனுக்குச் சொல்லிவிட்டதே தன் கறுப்பு மைதான் என்று நினைத்தபோது, அந்தக் கேட்டை அவரும் பிடித்துக்கொண்டார்.

"நான் வர்றேம்மா" என்றார். "சட்டம் என்னவோ சொல்லட்டும், நான் வர்றேன். நாளையிலருந்து நாலு மணிக்கு இங்க நிப்பேன். இன்னைக்கே போடறேன், பாருங்க. இப்ப நாலு மணிதானே, நிஜமான நாலு மணி." சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து நோட்டின் பக்கம் கையை நீட்டினார்.

அவள் நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"வேணாம் சார். நீங்க போட்டா நான் நம்பிடுவேன்."

கேட்டின் கம்பியில் நோட்டைச் சாய்த்து வைத்து, மடங்காத வலது கையால் அதை அழுத்திக்கொண்டு, இடது கையால் நாலு மணிக் கட்டத்தில் மெதுவாகத் தன் பெயரை எழுதினாள். பிறகு உள்ளே போய்த் தாழ்ப்பாள்களைப் போட்டாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று வெளியே நின்றவருக்குக் கேட்டது. தகட்டின் கடைசித் திருகாணி மட்டும் இன்னும் கழலவில்லை.