காது வண்டி

காலை எட்டு மணிக்கெல்லாம் காது வண்டி வந்து, லோரிகளை எடைபோடும் மேடைக்குப் பக்கத்தில் நின்றுவிட்டது. வருசத்துக்கு ஒருமுறை எங்கள் செம்பனை எண்ணெய் மில்லுக்கு வரும் வெள்ளை வேன் அது. உள்ளே ஒரு ஆள் மட்டும் உட்காரும் அளவுக்கு ஓர் அறை, அதற்கு ஒரு கண்ணாடிச் சன்னல், அறைக்கு வெளியே, வேனுக்குள்ளேயே, ஒரு சின்ன மேசை, மேசைமேல் மெஷின். சத்தத்தில் வேலை செய்கிற எல்லாரும் அதில் ஏறிக் காதைக் காட்டிவிட்டு இறங்க வேண்டும். வயசுப் பிள்ளைகளுக்கு அது அரைமணி நேர ஓய்வு. அறுபதைத் தாண்டி, வருசா வருசம் கான்ட்ராக்டில் கையெழுத்துப் போட்டு ஓட்டிக்கொண்டிருக்கும் எனக்கும் சிவானந்தத்துக்கும் அப்படி இல்லை. அடுத்த வருசம் வேலை உண்டா என்பதை அந்த வேன்தான் முடிவு செய்யும். அன்றைக்கு அதைப் பார்த்ததுமே எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. என் காதை நினைத்து அல்ல. என் காதுக்கு ஒரு குறையும் கிடையாது.

சிவானந்தம் பாய்லர்காரர், அறுபத்து மூன்று வயது. நான் கார்த்திகேசு, அவரைவிட இரண்டு வயது இளையவன், பழக்குலைகளை ஆவியில் வேகவைக்கும் பெரிய உருளைகள் என் பொறுப்பு. இருபத்தெட்டு வருசமாக நாற்பது அடி இடைவெளியில் நின்று வேலை செய்கிறோம். அந்த இரைச்சலில் மனுசக் குரல் எடுபடாது. வாயைத் திறந்து பேசுகிறவனைப் பார்த்தால் புதுசாக வந்தவன் என்று தெரிந்துவிடும். எங்களுக்கெல்லாம் கைதான் வாய். சுட்டுவிரலைச் சுழற்றினால் பம்ப்பைப் போடு. முஷ்டியை இரண்டு தடவை மூடினால் ஆவியை நிறுத்து. உள்ளங்கையைக் கவிழ்த்து மெதுவாக இறக்கினால் தீயைக் குறை. சாப்பாடு, சிகரெட், இஞ்சினியர் வருகிறான், போன தடவை மாட்டினது போதாதா என்று எல்லாவற்றுக்கும் ஒரு கை இருந்தது. இப்படி ஒரு இடத்தில் ஒருத்தருக்குக் காது போனால் யாருக்குத் தெரியும்? நாலு வருசத்துக்கு முன்னால் புக்கிட் ரோத்தான் டவுனில் ஒரு கடை வாசலில் ஒரு லோரி சிவானந்தத்தின் முதுகுக்குப் பின்னால் ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்த பிறகும் அவர் பாட்டுக்கு ரொட்டிக்குக் காசு எடுத்துக்கொண்டு நின்றார். நான்தான் கையைப் பிடித்து இழுத்தேன். அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. வீட்டில் அவர் மனைவி கலாவதிக்கு அதற்கு முன்பே தெரிந்திருக்கிறது. சோறு வேண்டுமா குழம்பு வேண்டுமா என்று அவளும் கையால் கேட்கப் பழகியிருந்தாள்.

அதற்குப் பிறகு வந்த மூன்று சோதனையிலும் அவரைத் தேறவைத்தது என் விரல். வேனின் படியில் நின்றால் சோதனை செய்கிற பெண் சத்தம் அனுப்ப மெஷினில் விரல் வைத்து அழுத்துவது தெரியும். அறைக்குள் உட்கார்ந்திருப்பவருக்கு அவள் விரல் தெரியாது, தோளும் முகமும்தான் தெரியும்; ஆனால் அவளுக்குப் பின்னால் படியில் நிற்கிற ஆளைக் கண்ணாடி வழியாகப் பார்க்கலாம். அவள் அழுத்தும்போதெல்லாம் நான் தொடையில் சுட்டுவிரலை ஒருதரம் தட்டுவேன். சத்தம் கேட்டால் அமுக்கச் சொல்லிக் கொடுத்திருக்கும் பட்டனை அவர் உள்ளே அமுக்குவார். அவ்வளவுதான். அதை நான் தப்பாகவே நினைக்கவில்லை. வேலை போனால் இரண்டு மாதத்தில் மில் கொடுத்த வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அப்புறம் அவர்களுக்குப் போக்கிடம் மகன் சசிகுமார் வீடுதான். அவன் ராவாங் டவுனில் நாலாவது மாடியில் இருக்கிறான், லிஃப்ட் கிடையாது. கலாவதிக்கு முட்டி இரண்டும் போய்விட்டது. போன தீபாவளிக்கு அவளைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து மகனும் பக்கத்து வீட்டுக்காரனுமாகத் தூக்கிக்கொண்டு போனார்களாம். ஒவ்வொரு மாடியிலும் கதவைத் திறந்து பார்த்தார்கள் அண்ணே என்று சொல்லும்போது அவள் சிரித்தாள். சிரிக்கிற மாதிரி இல்லை அது.

எல்லாம் இரண்டு வாரத்துக்கு முன்னால் வரைக்கும்தான். ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் பாய்லரில் அலாரம் அடித்தது. உள்ளே தண்ணீர் குறைந்தால் அடிக்கிற அலாரம். அடித்த உடனே இரண்டாவது பம்ப்பைப் போட வேண்டும். தானாக மாறிக்கொள்ளும் ஏற்பாடு ஒன்று இருந்தது, அது கெட்டுப்போய் ஒரு மாதம், ஸ்பேர் வரவில்லை வரவில்லை என்று இஞ்சினியர் சொல்லிக்கொண்டே இருந்தான். தண்ணீர் முழுக்க வற்றிவிட்டால் குழாய் காய்ந்து பிளக்கும். அப்புறம் பக்கத்தில் நிற்பவன் யார் எவர் என்று அடையாளம் காட்டக்கூட ஒன்றும் மிஞ்சாது. எனக்கு அலாரம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தேன். சிவானந்தம் அலாரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அடுப்புக் கதவுக்குக் கீழே குனிந்து சாம்பலை வாரிக்கொண்டிருந்தார். பாய்லருக்குப் பின்பக்கம் நாலு வங்காளதேச ஆட்கள் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

நான் ஓடினேன். எப்படி ஓடினேன் என்று தெரியவில்லை, பம்ப்பைப் போட்டுவிட்டுத் தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயைப் பார்த்தால் அடியில் ஒரு விரல்கடை தண்ணீர்தான் நின்றது. அவர் திரும்பிப் பார்த்து, என்ன மச்சான் என்று கையால் கேட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் வாயில் வந்ததையெல்லாம் திட்டினேன். கேட்டால்தானே? அவர் ஏதோ கேலி பேசுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார். பிறகுதான் சிவப்பு விளக்கைப் பார்த்தார். சிரிப்பு அப்படியே நின்றுபோனது. மடமடவென்று போய்க் கண்ணாடிக் குழாயைப் பார்த்துக்கொண்டு, தண்ணீர் ஏறி முடிகிற வரைக்கும் அங்கேயே நின்றார். பின்பக்கம் அந்த நாலு பேரில் ஒருவன் மிச்சச் சோற்றைப் பூனைக்குப் போட்டுக்கொண்டிருந்தான். அவர்களுக்கு ஒன்றுமே தெரியாது.

நான் யாரிடமும் சொல்லவில்லை. அவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பதிவுப் புத்தகத்தில் பம்ப் நின்றது, மாற்றப்பட்டது என்று மட்டும் எழுதினார். ஆனால் அன்றிலிருந்து வேலையில் பாதி நேரம் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். வீட்டில் எதைத் தொட்டாலும் கோபம். பேத்திக்குக் காய்ச்சல் என்று மருமகள் மாலா என் கையில் தெர்மாமீட்டரைக் கொடுத்துவிட்டுக் கஞ்சி வைக்கப் போனாள். சத்தம் வந்ததும் எடுங்க மாமா என்றாள். பத்து நிமிசம் பிடித்துக்கொண்டு நின்றேன். சத்தமும் வரவில்லை, ஒரு மண்ணும் வரவில்லை. நாலு காசுச் சீனா சாமானை வாங்கிவைத்தால் இப்படித்தான் என்று குப்பையில் போட்டேன். மாலா அதை எடுத்துத் துடைத்து மறுபடி அலமாரியில் வைத்தாள்.

சோதனைக்கு முந்தின நாள் சாயந்தரம் கலாவதி ஒரு டப்பாவில் வடை எடுத்துக்கொண்டு வந்தாள். மூன்று வீடு தள்ளித்தான் இருக்கிறாள், அதற்கே வேலியைப் பிடித்துப் பிடித்து நின்று வந்தாள். இந்த முட்டியோடு ஏம்மா அலையுற என்று கடிந்துகொண்டேன்.

"நாளைக்குக் காது வண்டியாமே அண்ணே. அவரு வாயத் தொறக்க மாட்டேங்குறாரு. நீங்க பாத்துக்குவீங்கன்னு தெரியும். இருந்தாலும் ஒரு வார்த்த சொல்லிட்டுப் போவோம்னுதான்."

சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். அந்தச் செவ்வாய்க்கிழமையைச் சொல்லி, இனிமேல் என்னால் முடியாதம்மா என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட வேண்டும் என்று இரண்டு வாரமாக மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். டப்பா இன்னும் சூடாக இருந்தது. பாத்துக்குறேம்மா என்று வாய் சொல்லிவிட்டது. அவள் வேலியைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் போகும் வரைக்கும் நான் பார்த்துக்கொண்டே நின்றேன். எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

ஒவ்வொரு வருசமும் ஆபிஸ் கிராணி பட்டியலைப் பெயர் வரிசைப்படி எழுதுவார். நான் முதலில் போவேன், சிவானந்தம் அடுத்து. இந்த வருசம் வயசு வரிசைப்படி எழுதிவிட்டார்கள். அவர் முன்னால், நான் பின்னால். இரண்டு பேரும் வேனுக்குப் பக்கத்தில் நின்றோம். துவைத்து இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தார், நெற்றியில் விபூதி. என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நானும் அசைத்தேன். இப்போதாவது சொல்லு, இப்போதாவது சொல்லு என்று உள்ளே ஒன்று அடித்துக்கொண்டது. சொன்னால் மட்டும் அவருக்குக் கேட்குமா என்று இன்னொன்று சாக்குச் சொன்னது.

வேனில் இருந்த பெண்ணின் பெயர் ஷர்மினி என்று அட்டையில் போட்டிருந்தது. இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. சிவானந்தத்தின் காதில் ஹெட்ஃபோனை மாட்டிவிட்டு, "அங்கிள், ரிலேக்ஸ்லா. பீப் கேட்டா பட்டன அமுக்குங்க, சின்னதா கேட்டாலும் அமுக்கணும், ஓகே?" என்றாள். அவர் அவள் வாயைப் பார்த்துச் சரி என்றார். அறைக் கதவு மூடியது. நான் படியில் என் இடத்தில் நின்றேன். வலது கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

அவள் விரல் மெஷினை அழுத்தியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் கண் நேராக என் தொடைக்கு வந்தது. நான் இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது, பொறுமையாகக் காத்திருந்தார். அவள் ஒரு திருகைத் திருகிவிட்டு மறுபடி அழுத்தினாள். மறுபடி திருகினாள். அவர் என் தொடையை விட்டு என் முகத்தைப் பார்த்தார். எனக்குப் பார்க்கத் தைரியம் இல்லை. மேடைமேல் பழ லோரி ஒன்று ஏறி நின்றது, அதன் டயரைப் பார்த்தேன். டிரைவர் இறங்கிப் போய்ச் சீட்டு வாங்கிக்கொண்டு வந்தான். திரும்பிப் பார்த்தபோதும் அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். என் பையைப் பார்த்தார். பிறகு புரிந்துகொண்டார். இருபத்தெட்டு வருசம் கையையே படித்த மனுசனுக்கு, கை இல்லாததைப் படிக்க எவ்வளவு நேரம் ஆகும்?

பட்டனைத் தொடையில் வைத்துவிட்டு வலது கையை மேலே தூக்கினார். உள்ளங்கையைக் கவிழ்த்து மெதுவாக, மெதுவாகக் கீழே இறக்கினார். தீயைக் குறை.

ஷர்மினி மைக்கில், "சத்தம் ஜாஸ்தியா இருக்கா அங்கிள்?" என்று கேட்டாள்.

வெளியே வந்ததும் அவள் சத்தமாக, வாயைப் பெரிதாக அசைத்துச் சொன்னாள். டாக்டர் ஒருமுறை பார்க்க வேண்டும், ஆபிசுக்குக் கடிதம் போகும், பயப்பட ஒன்றும் இல்லை. அவர் நல்ல பிள்ளை மாதிரி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். படியில் இறங்கும்போது என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். ஒரு அறை விட்டிருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் என்னைக் கடந்து போய், நான் நின்ற அதே இடத்தில் நின்றுகொண்டார். நான் இறங்கியதும் நாலு வார்த்தை கேட்கத்தான் நிற்கிறார் என்று நினைத்தேன். கேட்கட்டும். நான் செய்தது சரிதான், அந்த நாலு பேரும் உயிரோடு சோறு தின்ன வேண்டும் இல்லையா?

உள்ளே போய் உட்கார்ந்தேன். கதவு மூடியதும் மில்லின் இரைச்சல் எங்கேயோ போய்விட்டது. முதல் சத்தம் வந்தது, அமுக்கினேன். அடுத்தது, அமுக்கினேன். இன்னொன்று, கொஞ்சம் மெல்லிசாக. அதையும் விடவில்லை. அலாரத்துக்கு ஓடிய காது இது, சும்மாவா?

அப்புறம் நின்றுவிட்டது. எழுதிக்கொண்டிருக்கிறாள் போல என்று காத்திருந்தேன். போன வருசமும் இப்படித்தான் நடுவில் கொஞ்ச நேரம் ஓய்வு விட்டார்கள். அந்த நேரத்தில் நான் கலாவதியை நினைத்தேன். நாலு மாடிக்கு அவளை யார் தூக்குவது, ஒவ்வொரு நாளும் யாராவது தூக்குவார்களா, அந்த வடை டப்பாவை எந்த முகத்தோடு திருப்பிக் கொடுப்பது என்று யோசித்தேன். ஓய்வு நீண்டுகொண்டே போனது. இந்தப் பெண் தூங்கிவிட்டாளா என்று நிமிர்ந்து பார்த்தேன்.

அவள் தூங்கவில்லை. எழுதவும் இல்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தோள் லேசாக அசைந்தது. பிறகு கையை உயர்த்தித் திருகைத் திருகினாள். தோள் மறுபடி அசைந்தது.

அவளுக்குப் பின்னால், படியில், சிவானந்தம் நின்றார். அவர் முகத்தில் கோபம் இல்லை. பம்ப்பைப் போடச் சொல்லும்போது எப்படிப் பார்ப்பாரோ அப்படித்தான் பார்த்தார். அவருடைய வலது கை தொடையோடு ஒட்டி இருந்தது. சுட்டுவிரல் ஒருதரம் விழுந்தது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி விழுந்தது. காதைக் கூர்மையாக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். ஒன்றுமே இல்லை.

என் கட்டைவிரல் பட்டன்மேல் இருந்தது. அவர் விரல் மூன்றாவது தரம் விழுந்தது.