சிலாபம் போய்ச் சேர்ந்த கிளினிக்

போர் முடிந்த மூன்றாம் வருஷ மாரியில், உடப்புக் கடற்கரையோரம் இருந்த ஒரு சின்னக் கிளினிக், நோயாளிகள் உள்ளிருக்க, சிலாபத்துப் பெரிய ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய்ச் சேர்ந்தது. அந்தக் கிழமை சூடை மீன் மலிவு, தேங்காய் ஏறியிருந்தது.

காரணம், அந்தக் கிளினிக்கின் டொக்டர் மயூரதி மருத்துவ பீடத்தில் படித்த நாடகப் பாடம். டொக்டருக்குப் படிக்கிறவர்களுக்குக் கூத்தும் பாட்டும் எதற்கு என்று மற்றவர்கள் அந்த நேரம் கன்டீனில் இருந்தார்கள். மயூரதி ஒரு வகுப்பும் விடவில்லை. ஒருவர் பேச்சை நிறுத்தினால் முடித்துவிட்டார் என்று நினைக்கக்கூடாது என்பதை அங்கேதான் கற்றார். கரைவலை இழுக்கிறவர்களின் அம்பாப் பாட்டுக்குப் பதில் பாடப் பழகியதும் அங்கேதான்.

உடப்பில் அம்பா எடுத்துக்கொடுப்பவர் தில்லையம்பலம். ஒரு வரி பாடுவார். இழுப்பவர்கள் "ஏலேலோ" என்று பதில் பாடும்வரை நிற்பார். அந்தப் பழக்கம் ஊறிப்போய், சாதாரணப் பேச்சிலும் பாதியில் நிற்பார். "நெஞ்சுக்க ஒரு…" என்று அவர் நின்றபோது முந்திய டொக்டர்மார் பதில் பாடவில்லை. ஞாபகக் குறைவு என்று எழுதிச் சத்துக்குளிசை கொடுத்தார்கள்.

"வீட்டையும் இப்பிடித்தான் பிள்ளை," என்றார், அன்று அவரை மயூரதியிடம் கூட்டிவந்த மனைவி யோகாம்பாள். "சோறு கேட்டாலும் பாதியில நிக்கும். நான் ஏலேலோ சொன்னாத்தான் மிச்சம் வரும்."

மயூரதி கதிரையைக் கிட்ட இழுத்துப்போட்டு, "ஏலேலோ" என்றார்.

"வலை இழுக்கேக்க அமத்துது, பிள்ளை."

"ஏலேலோ."

"இடக்கை விறைக்குது. இண்டைக்கு விடிய வேர்த்துக் கொட்டினது."

மாரடைப்பு. அம்புலன்ஸுக்கு அடித்தால், றோட்டில் வெள்ளம், வர ஏலாது என்றார்கள். அதற்குள் தில்லையம்பலத்தின் மூச்சு நின்றது. மயூரதி அவரைத் தரையில் கிடத்தி நெஞ்சை அமுக்கத் தொடங்கினார். தாளம் தப்பாமலிருக்க, வலை கரையை அண்டும்போது பாடுகிற வேக அம்பாவைப் பாடினார்.

வரிசையில் இருமலோடு நின்றவர் நிஸார், மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்து பாண் விற்பவர். "தனியப் பாடி என்ன செய்யப் போறீங்க டொக்டர்? எல்லாரும் புடிங்க!" என்றார். அம்பா பாடும் கை சும்மா இராது. ஆட்கள் தூணையும் ஜன்னல் கம்பியையும் பிடித்து இழுத்தார்கள். அம்பாவுக்கு வலை எது, கட்டடம் எது என்று தெரியாது. கிளினிக் நகர்ந்தது. பத்துளு ஓயா ஆற்றைக் கடக்கையில் தரை கொஞ்சம் நனைந்ததால் யாரோ செருப்புகளை மேசைமேல் எடுத்து வைத்தார்கள். மயூரதிக்குக் கை ஓய்ந்தபோது நிஸார் அமுக்கினார், அவருக்கு ஓய்ந்தபோது மயூரதி. பாட்டு ஓரிடத்திலும் அறவில்லை.

சிலாபத்தில் டொக்டர்மார் மின்சாரம் வைத்து இதயத்தைத் திரும்ப ஓடச் செய்தார்கள். தில்லையம்பலம் கண் திறந்தார்.

"ஆரது பாடினது? சுதி பிழை."

"செத்துக் கிடந்த மனுசனுக்குச் சுதி கேக்குதாம்!" என்று யோகாம்பாள் திட்டித் திட்டி அழுதார். மயூரதி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, தன் சுதி பிழைதான் என்று ஒத்துக்கொண்டார்.

கிளினிக்கைத் திருப்பி இழுக்க ஒருவருக்கும் நேரம் இருக்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்காரர் அதன் கதவில் ஒரு வார்ட் இலக்கம் எழுதினார்கள். உடப்பில் அது நின்ற இடத்தில் இப்போது கருவாடு காயப்போடுகிறார்கள். நல்ல வெயில் படுகிற இடம்.