தொண்ணூற்றொன்றில் தொடங்கும் நம்பர்

நாடு திரும்பியவர்களுக்கு உதவும் எங்கள் சங்கத்தின் செயலாளராக அந்த முடிவை எடுத்தவள் நான். ஞாயிற்றுக்கிழமை கொழும்புச் சட்டத்தரணி ஒருவர் இணையவழிக் கூட்டம் நடத்த ஒப்புக்கொண்டிருந்தார். தமிழ்நாட்டு அகதி முகாம்களில் பிறந்த பிள்ளைகளுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை எடுக்கும் வழியைச் சொல்லித்தருவார். அறுபது இடங்கள்தான். பதிவுப் படிவத்தை எங்கே வைப்பது என்பதில் எனக்கும் கணினி வேலை பார்க்கும் ஜெகதீபனுக்கும் இழுபறி.

"வெளித் தளம் ஒண்டில படிவத்தைச் செய்து லிங்க்கை அனுப்புவம், ஜெனிற்றாக்கா. எந்தப் போனிலயும் திறக்கும்."

"முன்பின் தெரியாத லிங்க்கை ஆர் அமத்துவினம்? போன மாதமும் பரிசு விழுந்ததெண்டு வந்த லிங்க்கில ரெண்டு பேர் ஏமாந்தவை. எங்கட இணையத்தளத்துக்குள்ளயே படிவம் இருக்கட்டும். மேல சங்கத்தின்ர பேர் இருந்தால் சனம் நம்பும்."

"சரி. பிறகு என்னைக் குறை சொல்லாதேங்கோ."

என் சொல்தான் நின்றது. வியாழக்கிழமை காலை பார்த்தேன். பதினொரு பெயர்கள். அதில் ஏழு பேர் சங்கத்து நிர்வாகிகள், முதலாவது நான்.

அன்றைக்குத்தான் அடம்பனிலிருந்து பஸ் ஏறிச் சிவபாக்கியம் அக்கா சங்கக் கந்தோருக்கு வந்தார். மகள் நிவேதிகா முகாமில் பிறந்தவள். பிரஜாவுரிமை இல்லாமல் அடையாள அட்டை இல்லை. அட்டை இல்லாமல் வருகிற பரீட்சை மண்டபத்துக்குள் எப்படிப் போவது என்பதுதான் தாயின் கவலை.

"மூண்டு நாளா உங்கட படிவம் நம்பர் பிழையெண்டு சொல்லுது, பிள்ளை."

போனை வாங்கிப் பார்த்தேன். அவர் போட்டிருந்த நம்பர் தொண்ணூற்றொன்றில் தொடங்கியது. "இது இந்திய நம்பரல்லோ அக்கா. இஞ்சத்தைய நம்பர் இல்லையோ?"

"இருக்கு, கதைக்க மட்டும். வட்ஸ்அப் முகாமில எடுத்த நம்பரிலதான். மாத்தினால் அங்கத்தைய சொந்தபந்தம் எல்லாம் விட்டுப்போயிடுமெண்டு பயம். எங்கட ஆக்கள் முக்கால்வாசிப் பேர் இப்பிடித்தான். உங்களுக்குத் தெரியாதோ?"

தெரியாது. நான் முகாமில் இருந்தவளல்ல. எங்கள் படிவமோ பூச்சியம் ஏழில் தொடங்கும் நம்பரை மட்டுமே ஏற்கும். உள்ளூர் நம்பரைக் கொடுத்தாலும் பயனில்லை. கூட்டத்துக்கான அழைப்பு வட்ஸ்அப்பில்தான் போகும்.

"இதைத் திருத்த ஏலாதோ?" என்று ஜெகதீபனைக் கேட்டேன்.

"திருத்த ரெண்டு நாள் வேணும். வெளித் தளத்தில எல்லா நாட்டு நம்பரையும் போடலாம். அரை மணித்தியாலம் தாங்கோ." அவன் சிரிக்கவில்லை. அது எனக்கு ஆறுதலாக இருந்தது.

புதுப் படிவத்தில் பழைய பதினொரு பெயர்களையும் வரிசை மாறாமல் நானே ஏற்றினேன். சனம் லிங்க்கை நம்பவேண்டுமே என்று என் குரலில் ஒரு செய்தி பதியப் போனேன். அக்கா தடுத்தார்.

"உங்கட குரலை அங்க ஆருக்குத் தெரியும்?" தன் போனை எடுத்து முகாம்காரரின் குறூப்பில் பேசினார். "நான் முகாமில மூண்டாம் லைன் வீட்டில இருந்த சிவபாக்கியம். இது கள்ள லிங்க் இல்லை. கந்தோரிலேயே நிண்டு பாத்திட்டுத்தான் சொல்லுறன். அமத்துங்கோ."

பிறகு அந்தப் போன் ஓயவில்லை. ஒவ்வொருவருக்கும் எங்கே அமத்துவதென்று சொல்லிக்கொண்டே பஸ்ஸுக்கு ஓடினார். ஐந்தரைக்கு அறுபது இடமும் நிறைந்து படிவம் மூடிக்கொண்டது. ஆறு மணிக்கு அவரே அழைத்தார்.

"பிள்ளை, இடம் முடிஞ்சுதெண்டு காட்டுது. ஊருக்கெல்லாம் சொல்லிப்போட்டு எங்கட பேரைப் போட மறந்துபோனன்."

பட்டியலைத் திறந்தேன். முதல் வரியில் என் பெயர். அதை அழித்ததும் படிவத்தில் ஓர் இடம் திறந்தது; நிவேதிகாவின் பெயரை எழுதினேன். நாடு என்ற இடத்தில் இந்தியா. அக்கா ஒவ்வோர் இலக்கமாகச் சொல்ல, படிவம் மறுபேச்சின்றி எடுத்துக்கொண்டது.

"போட்டாச்சு அக்கா."

"என்னெண்டு? இடமில்லையெண்டதே."

"ஒரு ஆள் விலகிட்டா. ஞாயிற்றுக்கிழமை நிவேதிகாவுக்குப் பக்கத்தில இன்னொரு கதிரை போடுங்கோ. நானும் வாறன்."