குனிந்தால் வெட்டு

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலும் நான் பாலத்தில் செத்தேன். காவலன் என் கதையை முடித்துவிட்டு, வாளை ஒரு உதறு உதறி உறையில் போட்டான். அந்த உதறலில் தெறிக்கிற மழைத்துளியைக்கூட எவ்வளவு அழகாகச் செய்து வைத்திருக்கிறார்கள், பாவிகள். அதுதான் எரிச்சலை இரட்டிப்பாக்கியது. மட்டமான வீடியோ விளையாட்டாக இருந்தால் வந்த விலைக்குத் தள்ளிவிட்டு வேலையைப் பார்த்துக்கொண்டு போகலாம். இது அப்படியும் இல்லை. வெறுக்கவும் விடவில்லை, ரசிக்கவும் விடவில்லை.

சமையலறையில் என் மனைவி சிகேமி முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"மத்தியானம் நெமோதோ வர்றாரு. கேட்டா விளையாட்டு நல்லா இருக்குன்னு சொல்லு. ஒரே ஒரு வார்த்தை. இதைச் செய்ய நாலு வருஷம் அந்த ஒசாகா ஆபீசு நாற்காலியிலயே தூங்கி எழுந்திருக்காரு மனுஷன். போன்ல குரலே சரியில்ல. 'ஊரு என்ன சொல்லுது'ன்னு கேக்கல, 'இசோபே என்ன சொல்றான்'னு உன்னைப் பத்தித்தான் கேட்டாரு."

"பொய் சொல்லச் சொல்றியா?"

"எங்கம்மா வைக்கிற சாற்றை வருஷக்கணக்கா ருசியா இருக்குன்னு சொல்றியே, அது என்னவாம்?"

மாமியார் சாறு வேறு, 'நாணல் வாள்' வேறு. அதை இவளிடம் சொன்னால் கத்தி முட்டைக்கோஸை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பும்.

'நாணல் வாள்' விளையாட்டின் முதல் பாகம் வந்தபோது நெமோதோவும் நானும் இந்தக் கோகுரா ஊரில் ஒரே மாடியில் பக்கத்துப் பக்கத்து அறைகளில் இருந்தோம். எஜமானை இழந்த ஒரு சாமுராய், கால்நடையாக ஊர் ஊராகப் போய்ச் சண்டை போடுகிறான், அவ்வளவுதான் கதை. ஆனால் அதில் வணங்குவதற்கென்றே ஒரு பொத்தான் இருந்தது. அதனால் ஒரு பிரயோஜனமும் கிடையாது. பலம் கூடாது, புள்ளி ஏறாது. ஒருநாள் நெமோதோ கை தவறி அதை அமுக்கினான். எதிரே வாளோடு பாய வந்தவன் அப்படியே நின்றான். வாளைத் தாழ்த்தினான். அவனும் குனிந்து வணங்கினான். நாங்கள் இருவரும் வாயைப் பிளந்து திரையைப் பார்த்தோம். அன்றிலிருந்து வணங்காமல் நாங்கள் ஒரு சண்டையும் தொடங்கியதில்லை. பிறகு ஊர் ஊராக ரசிகர்கள் சேர்ந்தபோதும் அதுதான் வழக்கமாயிற்று. வணங்காமல் வெட்டுகிறவனை, பாய் விரித்த அறைக்குள் செருப்போடு நுழைந்தவனைப் பார்ப்பதுபோலப் பார்ப்போம். நெமோதோவுக்குப் பித்து முற்றி, அந்த விளையாட்டைச் செய்த நிறுவனத்திலேயே வேலைக்குப் போய்ச் சேர்ந்தான். நான் காசு போட்டால் பானம் தரும் தானியங்கிப் பெட்டிகளில் தேநீர்ப் புட்டி நிரப்பும் வண்டியை ஓட்டிக்கொண்டு இங்கேயே இருந்துவிட்டேன்.

இரண்டாம் பாகத்திலும் அந்தப் பொத்தான் இருக்கிறது. ஆனால் நீங்கள் குனிந்தால், தலை நிமிர்வதற்குள் காவலன் வெட்டிவிடுகிறான். குனியாமல் நேரே பாய்ந்தால் நேற்று வாங்கியவன்கூட அவனை வீழ்த்திவிடுவான். எல்லோரும் பாலத்தைத் தாண்டித் தீவுக்குப் போய்விட்டார்கள். நான் இரண்டு வாரமாக முதல் பாலத்திலேயே செத்துக்கொண்டிருக்கிறேன். முதலில் கைப்பழக்கத்தில் குனிந்தேன். பிறகு வீம்புக்குக் குனிந்தேன். இதை யாரிடமும் சொல்லவில்லை. விளையாட்டைப் பற்றி வாய் கிழியப் பேசுகிறவன் முதல் பாலத்தைத் தாண்டவில்லை என்றால் சிரிக்கமாட்டார்களா?

நெமோதோ வந்தான். இளைத்திருந்தான். காதோரம் நரைத்திருந்தது. "பெருசா ஒண்ணுமில்ல" என்று இரண்டு கையாலும் இனிப்புப் பெட்டியை நீட்டினான். சிகேமி வறுத்த உடோன் நூடுல்ஸைத் தட்டில் வைத்தாள். எங்கள் ஊர்ச் சாப்பாடு என்றால் முன்பெல்லாம் வாரி அள்ளுகிறவன், இப்போது ஒவ்வொரு இழையாக எடுத்துத் தின்றான். பாதியில் கேட்டேவிட்டான்.

"எப்படிடா இருக்கு?"

சிகேமி என்னைப் பார்த்தாள். ஒரு வார்த்தைதான். வாயைத் திறந்தேன்.

"மழை... மழை ரொம்ப நல்லா இருக்கு."

நெமோதோ சாப்பாட்டுக் குச்சிகளைக் கீழே வைத்தான். விருந்தாளி கிண்ணத்தைப் புகழ்ந்தால் சாறு வாயில் வைக்க விளங்கவில்லை என்று அர்த்தம். அது தெரியாதவனா அவன்?

"மழைய நான் செய்யல. அது வேற ஆளு. தீவு பாத்தியா? தீவு முழுக்க நான்தான்."

நான் வாய் நிறைய உடோனைத் திணித்துக்கொண்டேன்.

"சரி, ஆடு. பாக்கறேன்."

தப்பிக்க வழி இல்லை. பாலம் வந்தது. காவலன் வந்தான். பின்னால் நெமோதோ உட்கார்ந்திருக்கிறான், நேரே பாய்ந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். கட்டைவிரல் கேட்கவில்லை. குனிந்தேன். வெட்டினான். மறுபடியும் குனிந்தேன். மறுபடியும் வெட்டினான்.

"ஏன்டா குனியற?" என்றான் நெமோதோ. குரல் ஒரு மாதிரி இருந்தது. "நீ இன்னும் பாலத்தையே தாண்டலையா?"

"உன் காவலன் விட்டாத்தானே."

"குனியாம அடிடா. அவ்வளவுதான்."

"அது எனக்குத் தெரியாதா? எந்த மடையன்டா இதைச் செஞ்சது?"

"நான்தான்."

சமையலறையில் குழாய்ச் சத்தம் நின்றது.

"முதல் பாகத்தை ஜனங்க எப்படி ஆடுறாங்கன்னு பாக்கச் சொன்னாங்க," என்றான் நெமோதோ. "பாத்தேன். நூத்துக்குத் தொண்ணூறு பேரு, எதிராளி பதிலுக்குக் குனியறான் பாரு, அப்பக் கழுத்துல போடுறாங்க. வணக்கம் அவங்களுக்கு ஒரு தந்திரம். நம்பித் தலையைக் குனிஞ்சவனை வெட்டுறாங்கடா. நாள் பூரா அதையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். நம்ம ரெண்டு பேரும் வாயடைச்சுப் போன அந்த வணக்கத்தை. தாங்க முடியல. இனிமே குனியறவன்தான் சாகணும்னு மாத்திட்டேன்."

"மீதிப் பத்துப் பேரு?"

அவன் தேநீர்க் கோப்பையைத் திருப்பித் திருப்பி வைத்தான்.

"சொல்லுடா. திருட்டுப் பயலுக குனியறதை விட்டுட்டு நேராவே வெட்டிட்டுத் தீவுக்குப் போயிட்டானுங்க. அவனுகளுக்கு என்ன நஷ்டம்? தினம் சாகறவன் நான்தானே?"

"பத்துப் பேருக்காக ஒரு விளையாட்டைச் செய்ய முடியாது, இசோபே."

"அப்ப எனக்கு வேணாம். உன் தீவும் வேணாம், உன் மழையும் வேணாம்."

சொல்லிவிட்டேன். அவன் முகத்தில் ரத்தம் சுண்டியது. நான்கு வருட உழைப்பை இரண்டே வாக்கியத்தில் மிதித்துவிட்டேன் என்று எனக்கே தெரிந்தது. ஆனாலும் வாய் மன்னிப்புக் கேட்கவில்லை. நியாயம் என் பக்கம் இருந்தது, அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை.

சிகேமி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் கையிலிருந்த கருவியைப் பிடுங்கினாள்.

"தீவுதானே பாக்கணும்? இதுல எது வெட்டு?"

அவள் வாழ்நாளில் ஒரு விளையாட்டும் ஆடியதில்லை. எல்லாப் பொத்தான்களையும் அம்மியில் அரைப்பதுபோல அரைத்தாள். மூன்றாம் முறை காவலன் சாய்ந்தான். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"எந்தப் பக்கம் போகணும்?"

"நேராப் போ, சிகேமி. படகுத்துறை வரும்," என்றான் நெமோதோ. முழங்காலிட்டுத் திரைக்குப் பக்கத்தில் நகர்ந்திருந்தான். "அங்கேருந்து இடது பக்கம். அந்தக் கொட்டகை."

தீவு அழகாக இருந்தது. எவ்வளவு அழகு என்றால், எனக்குக் கோபம் அதிகமாயிற்று. கொட்டகை ஓரத்தில், மழையில், பார்லித் தேநீர் விற்கிற ஒருவன் நின்றான். பெரிய மூக்கு. ஒரு தோள் இறங்கியிருந்தது. சாமுராய் கிட்டே போனதும் முனகத் தொடங்கினான். எல்லாம் போச்சு, முன்னெல்லாம் வாள் இப்படியா சத்தம் போடும், எவனுக்கும் மரியாதை தெரியல, தேநீரும் தண்ணியாப் போச்சு.

சிகேமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஐயோ, இது நீ! மூக்கைப் பாரு!"

"நான் இப்படியா முனகறேன்?"

"இதைவிட."

சிரிப்பில் கை தவறி அவள் வெட்டைப் போட்டுவிட்டாள். வாள் அவனுக்குள் புகுந்து வெளியே வந்தது. அவன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, விட்ட இடத்திலிருந்து முனகலைத் தொடர்ந்தான்.

"இவன் ஏன் சாகமாட்டேங்கிறான்?"

"சாகமாட்டான்," என்றான் நெமோதோ. என்னைப் பார்க்கவில்லை, திரையைத்தான் பார்த்தான். "இந்த விளையாட்டுல அவன் ஒருத்தனை மட்டும் எவனாலயும் வெட்ட முடியாது. அதுல மட்டும் ஆபீசுல யாரு சொன்னதையும் நான் கேக்கல."

நல்லா இருக்கு என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். என் மூக்கைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். சிகேமி மறுபடியும் வெட்டினாள், இன்னொரு முறையும் வெட்டினாள். மழை கொட்டிக்கொண்டிருந்தது. மூக்கன் நனைந்தபடி, நெஞ்சுக்குள் வாள் போய் வந்துகொண்டிருக்க, முன்பிருந்த வாள்கள் எவ்வளவு நல்லவை என்பதை மறுபடியும் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தான்.