சரிந்த தோள்

பாடாங் மேஹா பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்து ஆபீசுக்கு முன்னால் ஒரு சிமெண்டுத் துரை நின்றார், இடக்கையால் கைத்தடியை ஊன்றிக்கொண்டு. காட்டை அழித்துத் தோட்டம் போட்ட பழைய துரையாம். அழித்தது எங்கள் சனம். சிலை மட்டும் அவனுக்கு. அந்தக் கைத்தடியால் என் மாமனாரின் முதுகைக் கிழித்தவன் அவன். காக்கை எச்சத்தைச் சுரண்டி அவனைக் கழுவி வைப்பது என் வேலை.

ஜப்பான்காரன் வந்ததும் வெள்ளைக்காரர்கள் சொல்லாமல் கொள்ளாமல் ஓடினார்கள். சிலையை உடைக்கச் சிப்பாய்கள் சம்மட்டியோடு வந்தபோது எனக்கு உள்ளூரச் சந்தோஷம். கெடுத்தவன் கங்காணி அம்மாசி. நாளைக்குத் துரைமார் திரும்பி வந்து கேட்டால் என்ன சொல்வது என்ற பயம் அவனுக்கு. சிலையின் நெற்றியில் திருநீறு பூசி, இடுப்பில் சிவப்புத் துணி சுற்றி, சூடம் கொளுத்தி விழுந்து கிடந்தான். சிப்பாய்கள் முழித்தார்கள். அதிகாரி தலையைத் தாழ்த்திக் கும்பிட்டுவிட்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான்.

கூத்து அன்றோடு முடிந்திருக்கலாம். ஜப்பான்காரனையே குனிய வைத்த சாமி என்று லயத்து வீடெல்லாம் பேச்சு. துரை, துரைமுனி ஆகிவிட்டான். அந்த முறைப்பு உக்கிரமாம், கைத்தடி தண்டாயுதமாம், தொப்பி கிரீடமாம். நாங்கள் சாக்கைக் கட்டிக்கொண்டு மரவள்ளிக்கிழங்கைத் தின்றோம். அவனுக்குப் பட்டு, சுருட்டு, சேவல்.

என் புருசனும் போய் விழுந்தார்.

"ஏங்க, உங்கப்பா முதுகக் கிழிச்சவன் அவன்."

"அது துரை, புள்ள. இது சாமி."

பிறகு சயாமில் ரயில் பாதை போட ஆள் கேட்டு உத்தரவு வந்தது. போனவர்கள் யாரும் திரும்பவில்லை என்று ஏற்கெனவே பேச்சு. இன்னார் போ என்று கங்காணி சொல்லியிருந்தால் வெட்டுக்குத்து நடந்திருக்கும். அவன் கெட்டிக்காரன். சாமியிடம் பூப்போட்டுக் கேட்போம் என்றான். கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் பூக்கேட்கும் சனம், உடனே தலையாட்டியது. ஆளின் பெயரைச் சொல்லி, நனைத்த அரளிப்பூவைச் சிலையின் இரண்டு தோளிலும் வைப்பது. வலப்பக்கப் பூ முதலில் விழுந்தால் போகவேண்டும். இடப்பக்கம் விழுந்தால் வேண்டாம்.

பூசாரியும் அம்மாசிதான். முதல் ஆளுக்கு வலப்பக்கம் விழுந்தது. அடுத்தவனுக்கும் வலம். அதற்கடுத்தவனுக்கும் வலம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. தடியை ஊன்றிய பக்கம் தோள் தூக்கியிருக்கிறது. வலத்தோள் கூரை மாதிரி சரிந்து கிடக்கிறது. கங்காணியின் மகன் பெயர் மட்டும் கேட்கப்படவே இல்லை.

"பரஞ்சோதி" என்று என் புருசன் பெயரைச் சொன்னான் கங்காணி. நான் கத்தினேன்.

"நிப்பாட்டுங்கண்ணே! அந்தத் தோளு சரிவு. எவன் பேரச் சொன்னாலும் அந்தப் பக்கந்தான் விழும். எங்க, ஒங்க மவன் பேரச் சொல்லிப் பாருங்களேன்!"

அவன் அடுத்த பூக்களை நனைத்தான். செல்லாயி அக்காதான் சீறினாள். அவள் புருசனுக்குச் சற்று முன்புதான் பூ விழுந்திருந்தது.

"வாயக் கழுவுடி நவமணி! சாமி முன்னால பேசுற பேச்சா இது?"

கூட்டம் என்னைப் பின்னால் தள்ளியது. வலப்பூ விழுந்தது. என் புருசன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

லாரியில் ஏறும்போது சொன்னார்: "சாமி அனுப்புது, சாமியே கொண்டாந்து விட்டுரும். வெள்ளிக்கெழம வெளக்கு மட்டும் போட்டுரு புள்ள."

நான் போடவில்லை. மற்றப் பெண்கள் போட்டார்கள். புருசன் வருவானா என்று அதே தோள்களில் பூவைத்துக் கேட்டார்கள். வலம் விழும். "வந்துருவாரு, வந்துருவாரு" என்று அழுதுகொண்டே சிரிப்பார்கள். எனக்கு அருவருப்பாக இருக்கும். காறித் துப்பிவிட்டு நகர்வேன்.

கோத்தா கோலா மூடாவிலிருந்து மீன் கொண்டுவரும் அலி ஒரு நாள் சேதி சொன்னார். சயாமிலிருந்து தப்பி வந்தவனை அவர் பார்த்தாராம். எங்கள் ஆட்கள் இருந்த முகாமில் வாந்திபேதியாம். பிணங்களோடு, சாகாமல் கிடந்தவர்களையும் சேர்த்துக் கொளுத்தினார்களாம்.

மத்தியானம், ஆளில்லாத நேரம், நனைத்த அரளியோடு பீடத்தில் ஏறினேன். இரண்டு தோளிலும் என் கையாலேயே வைத்தேன். புருசன் பெயரை அதுவரை சொல்லாத என் வாய், "பரஞ்சோதி வருவாரா?" என்று கேட்டது.

வலப்பூ விழுந்தது. ஏன் விழுந்தது என்று எனக்குத் தெரியும். தெரிந்தே குனிந்து எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். தூ!