ஓரகத்திகளின் வங்கித் தேர்வு

பாட்னாவில் கங்கர்பாக் பகுதியில் இருந்த அந்த வீட்டின் மூத்த மருமகள் விபா, வங்கி எழுத்தர் தேர்வுக்கு மூன்றாவது முறையாகப் படித்துக்கொண்டிருந்தாள். முந்தைய இரண்டு முறையும் நூலிழையில் கைநழுவியது. கணக்கு வரும், ஆங்கிலமும் ஒப்பேறும். காலை வாரியது ரீசனிங்தான். ஆனாலும் படிக்கிற மருமகள் என்று தெருவில் அவளுக்கு ஒரு பேர் இருந்தது, சின்னவள் ஜூஹி வரும்வரை.

ஜூஹி கல்யாணமாகி வந்த புதிதில் ஒரு மத்தியானம் மொட்டைமாடியில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் விபா வட்ட மேசைக் கேள்வி ஒன்றை வாய்விட்டுப் படித்தாள். எட்டுப் பேர்; யாருக்கு இடப்பக்கம் யார், யாருக்கு எதிரே யார். படம் போட்டாள், அழித்தாள், மறுபடி போட்டாள்.

“மோகனுக்கு எதிரே சுஷ்மாதானே, தீதி?” என்றாள் ஜூஹி, போர்வையை உதறியபடி.

விபா கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தாள். சுஷ்மாதான்.

“முன்னாடியே படிச்சிருக்கியா?”

“இல்லையே. கல்யாணப் பந்தியில உக்கார வைக்கிற மாதிரிதானே இது? யாருக்கு யாரோட ஆகாதுன்னு தெரிஞ்சா போதும்.”

இது மாமனார் காதில் விழ, சின்னவளுக்கும் விண்ணப்பம் போடச் சொல்லிவிட்டார். அதிலிருந்து காலைத் தேநீரோடு கேள்வியும் வந்தது.

“ஜூஹி, ஒரு பொண்ணைக் காட்டி ஒருத்தன் சொல்றான், இவளோட அம்மா என் மாமியாருக்கு ஒரே மகள்னு. அவனுக்கு இவ யாரு?”

“அவன் பொண்ணுதான், பாபுஜி.”

விபாவுக்கும் தெரிந்த விடைதான். வாயைத் திறப்பதற்குள் ஜூஹி முந்திவிடுவாள். ஒரு நாள் மாமியார், “பெரியவளையும் ஒண்ணு கேளுங்களேன், பாவம்” என்றாள். அந்தப் ‘பாவம்’ விபாவைச் சுட்டது.

தேர்வுக்கு முந்தைய வாரம் சூரியனுக்கு நோன்பிருக்கும் சட் பூஜை வந்தது. மாமியார் விரதம். விபா அவளிடம் மெதுவாகப் போய் உட்கார்ந்தாள்.

“அம்மாஜி, ஜூஹிக்கு இது முதல் சட். பிரசாத வேலையெல்லாம் புது மருமக கையால நடந்தா நல்லதில்லையா?”

மாமியாருக்கு அது பிடித்துப்போயிற்று. கோதுமையைக் கழுவிக் காயவைப்பது, பறவை வாய் வைக்காமல் காவல் இருப்பது, மாவு பிசைந்து நெய்யில் டேக்குவா என்னும் இனிப்பைப் பொரிப்பது எல்லாம் ஜூஹி தலையில் விழுந்தன. அவள் முகம் கோணவில்லை.

“தீதி, ஒரு கேள்வி போடுங்க. காக்கா விரட்டி விரட்டி அலுத்துப்போச்சு” என்று மாடியிலிருந்து குரல் கொடுத்தாள்.

விபா அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள்.

முடிவு வந்தபோது, இரண்டு கட்டத் தேர்வின் முதல்நிலையில் விபா தேறியிருந்தாள். ஜூஹிக்குக் கொஞ்சம் மதிப்பெண் குறைந்தது. மாமனார் பெரியவளுக்கு லட்டு ஊட்டினார். ஊட்டிய கை இறங்குவதற்குள் சொன்னார்: “சின்னவளுக்கு மட்டும் அந்த வாரம் ஓய்வு கிடைச்சிருந்தா, அவ வாங்கியிருக்கிற மார்க்கே வேற.”

மீதி லட்டை விபா தட்டிலேயே வைத்துவிட்டாள். ஜெயித்த அன்றும் பேச்சு ஜூஹியைப் பற்றித்தானா?

மறுநாள் ஜூஹி ரீசனிங் புத்தகத்தோடு விபாவின் கட்டிலில் வந்து உட்கார்ந்தாள்.

“அடுத்த பரீட்சை இன்னும் கஷ்டமாமே. நான் கேள்வி படிக்கிறேன், நீங்க சொல்லுங்க.”

“உனக்கெதுக்கு அந்தத் தொல்லை?”

“எனக்கு அடுத்த வருஷம் இருக்கு.” ஜூஹி பக்கத்தைத் தேடிக்கொண்டே சொன்னாள். “சட் வேலையை என் பக்கம் தள்ளிவிட்டது நீங்கதான்னு எனக்குத் தெரியும், தீதி. உங்க இடத்துல நான் இருந்தா நானும் அதைத்தான் செஞ்சிருப்பேன்.”

விபாவுக்கு முகம் கன்றிப்போயிற்று. மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. ‘நானும் அதைத்தான் செஞ்சிருப்பேன்’ என்று இவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட இவளால் முடிகிறதே என்று அதன்மேலும் பொறாமைதான் வந்தது.

ஆனால் தேர்வு நெருங்கிவிட்டது. ஜூஹி இல்லாமல் அந்தப் பகுதி தனக்கு ஏறாது என்பதும் தெரிந்திருந்தது. கட்டிலில் சற்று நகர்ந்து இடம் விட்டாள்.

“சரி, படி” என்றாள். “மெதுவாப் படி. விடையை மட்டும் நீ சொல்லிடாதே.”