சாய்ந்த பதக்கம்

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை முதலில் குளிப்பது தாத்தாவின் பதக்கம்தான். அம்மா அதைப் பெட்டியிலிருந்து எடுத்து, பாலிஷ் தடவி, பழைய பனியன் துணியால் தேய்ப்பாள். அம்மாவின் அப்பா பட்டாளத்துக்காரர். பட்டாளத்துச் சாமான் என்றால் முகம் பார்க்கிற மாதிரி மின்ன வேண்டும் என்பார். நான் அதில் முகம் பார்த்துத் தலையே வாரியிருக்கிறேன். மூக்கு கொஞ்சம் பெரிதாகத் தெரியும். வீரம் என்று எடுத்துக்கொண்டேன்.

அக்காவுக்கு அருங்காட்சியகத்தில் வேலை. பழைய ராணுவப் பொருள்களைப் பார்த்து எது அசல், எது நகல், யாருடையது என்று கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். துருப்பிடித்த தண்ணீர்க் குடுவையோடு ஒரு வாரம் மனம்விட்டுப் பழகுவாள். எங்களோடு பழக நேரம் இருக்காது. ஊர்ப் படைவீரர்களுக்காக ஒரு கண்காட்சி வைக்கப்போகிறோம் என்று அவள் சொல்லி வாய் மூடுவதற்குள் அம்மா பதக்கத்தை நீட்டிவிட்டாள்.

அக்கா கண்ணில் லென்ஸை வைத்து விளிம்பை ஒரு சுற்று பார்த்தாள். இன்னொரு சுற்று பார்த்தாள்.

"அம்மா, இதுல பேரு எங்கம்மா?"

"இருக்குமே. சின்ன வயசுல நானே எழுத்துக்கூட்டிப் படிச்சிருக்கேன்."

"இந்த மாதிரி மெடல்ல விளிம்புலதான் பேரு வெட்டியிருப்பாங்க. நீ தேய்ச்சுத் தேய்ச்சு வழிச்சே எடுத்துட்ட."

அம்மா கையிலிருந்த பனியன் துணியைப் பார்த்தாள். தாத்தாவின் பெயர் அதில்தான் எங்கோ இருக்க வேண்டும்.

"பேரு போனா என்னடி? அது என் அப்பாவோடது. ஊருக்கே தெரியும்."

"ஊருக்குத் தெரியும். கண்ணாடிப் பெட்டிக்குத் தெரியாதே! இதே மெடல் சந்தையில கிடைக்குது. ஆதாரம் இல்லாம நான் தாத்தா பேர எழுதி வெச்சா, நாளைக்கு எவன் எத வாங்கிட்டு வந்து அவன் தாத்தா பேர எழுதச் சொன்னாலும் எழுதணும்."

"பெத்தவகிட்டயே ஆதாரம் கேக்குறா பாருடா!"

நான் நடுநிலை வகித்தேன். அதாவது, சமையலறைக்குப் போய்விட்டேன்.

சமாதானம் பேச அம்மாவின் தம்பி வந்தார். மாமா மெக்கானிக், குறடு இல்லாமல் எங்கும் போகமாட்டார். பதக்கத்தைத் தூக்கிப் பிடித்தார். ரிப்பனோடு சேர்கிற கொக்கி வளைந்து, பதக்கம் ஒரு பக்கமாகச் சாய்ந்து தொங்கியது.

"இதென்னக்கா கோணலா இருக்கு? ஒரு நிமிஷத்துல நிமித்திடறேன்."

"தொட்டீங்க, அதே குறட்டால உங்க மீசைய நிமித்திடுவேன் மாமா," என்றாள் அக்கா.

மாமா மீசையைக் காப்பாற்றிக்கொண்டு உட்கார்ந்தார்.

அன்று மதியம் அம்மா சாப்பிடவில்லை. அம்மா சாப்பிடாததால் அக்காவும் சாப்பிடவில்லை. இருவர் பங்கையும் கடமையாக ஏற்றுக்கொண்டு நான் தின்றுகொண்டிருந்தபோது அம்மா சுவரைப் பார்த்துப் பேச ஆரம்பித்தாள்.

"ரிட்டயர் ஆன பிறகும் அவரு பட்டாளத்துக் கோட்டு, மெடல் ரெண்டையும் விட்டதில்ல. காய் வாங்கக்கூட அதோடதான் போவாரு. ஸ்கூல் விடுற நேரம் வாசல்ல, மொட்ட வெயில்ல, விறைப்பா நிப்பாரு. 'போர் முடிஞ்சிடுச்சுன்னு உங்கப்பாகிட்ட யாரும் சொல்லலையா?'ன்னு கூடப் படிக்கிறவளுங்க கேப்பாளுங்க. மானம் போகும் எனக்கு. இப்ப அவருக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி கிடைக்கும்னு பார்த்தா, நானே கெடுத்துட்டேன்."

அக்கா தலையைத் தூக்கினாள். "தினமும் வெயில்லயா?"

"தினமும்தான்."

"அந்தக் கோட்டு எங்க?"

மாமா கூரையைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். இரண்டும் கைகொடுக்கவில்லை.

"எங்க வீட்டு மோட்டார் ரூம்ல," என்றார். "தண்ணி மோட்டார்மேல போத்தியிருக்கேன். இதுவரைக்கும் மோட்டாருக்கு சளி பிடிச்சதே இல்லக்கா."

அம்மா அவரைப் பார்த்த பார்வையில் மோட்டாரே நின்றிருக்கும்.

அந்த இருட்டறையிலிருந்து கோட்டை அக்கா கைக்குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கிவந்தாள். கூடவே ஒரு பல்லியும் வந்து, சூழ்நிலை சரியில்லை என்று திரும்பிப் போனது. மேசையில் விரித்து, மெல்லிய தூரிகையால் தூசு தட்டினாள். காலருக்கு உள்பக்கம், மங்கிய மையில், தாத்தாவின் பெயரும் பட்டாள எண்ணும்.

"கோட்டு அவரோடதுன்னு ஆச்சு. மெடல் இந்தக் கோட்டோடதான்னு பாக்கணும்."

வெயில் குடித்துக் குடித்து அந்தக் கோட்டு சாம்பல் நிறத்துக்கு வந்திருந்தது. ஆனால் இடது மார்பில் ஓரிடம் மட்டும் இன்னும் கரும்பச்சை. மேலே ரிப்பன் அகலத்துக்கு ஒரு பட்டை, கீழே ஒரு வட்டம். நடக்கும்போது ஆடியிருக்கும் போல. வட்டத்தின் ஓரம் சற்றுக் கலங்கியிருந்தது. அந்த வட்டம் பட்டைக்கு நேர் கீழே இல்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

அக்கா கையுறை மாட்டிக்கொண்டு, பதக்கத்தின் ஊசியைத் துணியிலிருந்த பழைய துளைகளுக்கு நேராகப் பிடித்தாள். பதக்கம் வழக்கம்போலக் கோணலாகத் தொங்கி, அந்தப் பச்சை வட்டத்தில் போய் உட்கார்ந்தது. வெளியூர் போய்வந்த ஆள் தன் நாற்காலியில் உட்காருவதுபோல உட்கார்ந்தது.

மாமாவின் குறடு சட்டைக்குள் மறைந்தது. "அப்ப மட்டும் நான் நிமித்தியிருந்தா..."

"பேசாதீங்க மாமா."

அம்மா மட்டும் முணுமுணுத்தாள். "வெயில்ல நிக்காதப்பான்னு எத்தன தடவ சொல்லியிருப்பேன்."

"நல்லவேளை, அவரு கேக்கல," என்றாள் அக்கா.

கண்காட்சியில் கோட்டும் பதக்கமும் ஒரே கண்ணாடிப் பெட்டியில், சாய்வு மாறாமல், தாத்தாவின் பெயரோடு இருந்தன. கூட்டம் அங்கேதான் நின்றது. கீழே அட்டையில் அக்கா எழுதியிருந்தாள்: "விளிம்பிலுள்ள பெயர் தேய்ந்துள்ளது. காரணம்: மகள்."

அம்மா அதைப் படித்தாள். திட்டு விழும் என்று நான் வசதியான தூரத்தில் நின்றுகொண்டேன். அவள் பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒருவரின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"படிச்சீங்களா? அந்த மகள் நான்தான். இத எழுதினது என் மகள். பெத்த தாய்கிட்டயே ஆதாரம் கேட்டவ."

அவருக்குப் பின்னால் வந்தவர்களுக்கும் அதையே சொன்னாள். நடுவில் கண்ணாடியில் யாரோ விரல் வைத்த தடம் தெரிய, கைப்பையிலிருந்து பனியன் துணியை எடுத்தாள். காவலாளி பதறிக்கொண்டு ஓடிவந்தார். அக்கா தூரத்திலிருந்தே அவரைக் கையமர்த்தினாள்.

கண்ணாடியில் எழுத்து எதுவும் இல்லை, தாராளமாகத் தேய்க்கலாம்.